பூவைத் தாங்குவது எது? ரிசார்ட் விழாவுக்கும் அறக்கொடை விருந்துக்கும் ஃபோம் கட்டியும் அதன் மாற்றுகளும்

விழா அலங்காரத்தில் எல்லார் கண்ணும் பூவில்தான் போய் நிற்கும். ஆனால் காலையில் வைத்த பூ இரவு விருந்து முடியும்வரை தலை தொங்காமல் நிற்குமா என்பது பூவின் கையில் மட்டும் இல்லை. இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிடிமானப் பொருளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இங்கே நான்கு பொருட்களை எடை போடுகிறோம். முதலாவது, தண்ணீர் குடித்து வைத்துக்கொள்ளும் பச்சை ஃபோம் கட்டி. பூக்காரர்களிடம் ஓயாசிஸ் என்றாலே போதும், எடுத்துத் தருவார்கள். மற்றவை கோழி வலை, கென்சான் என்னும் முள் தட்டு, ஒற்றைத் தண்டைச் செருகும் சிறு தண்ணீர்க் குப்பி.

வீட்டு மேசைக்கு இவற்றில் எதை எடுத்தாலும் சமாளித்துவிடலாம். கடற்கரை ரிசார்ட்டின் புல்வெளியில் நிற்கும் பூ வளைவும், நாற்பது மேசை போட்ட நிதி திரட்டும் விருந்தும் அப்படியல்ல. புல்வெளியில் வெயிலோடும் காற்றோடும் போராட வேண்டும். விருந்து மண்டபத்தில் நேரமும் எண்ணிக்கையும்தான் பிரச்சினை, அதோடு விழா முடிந்த பின் அந்தப் பூவெல்லாம் எங்கே போகும் என்ற கேள்வியும் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தண்ணீர்ப் பாத்திரம் வைக்க வழியில்லாத இடத்தில் மட்டும் ஃபோம் வாங்குங்கள். மேசைக்கு ஜாடியும் கோழி வலையும் போதும். போதும் என்பதைவிட, அதுதான் நல்லது.

ஃபோம் கட்டி

இந்தக் கட்டி 1954இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினை நுரைக்க வைத்துச் செய்வது. ஈரப்படுத்தினால் களிமண் போல மென்மையாகத் தெரிந்தாலும், அது மக்காத பிளாஸ்டிக்தான். வழக்கமான கட்டி ஏறத்தாழ 23 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. நனைத்த பிறகு கிட்டத்தட்ட 2 லிட்டர் நீரைப் பிடித்துக்கொண்டு 2 கிலோ ஆகிவிடும். வளைவுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் மறக்கிறார்கள். பத்துக் கட்டி என்றால் பூ ஒன்று வைப்பதற்கு முன்பே சட்டத்தின் தலையில் 20 கிலோ தொங்குகிறது.

நனைப்பதில்தான் பாதி ஃபோம் வீணாகிறது. அகலமான தொட்டியில், கட்டியின் உயரத்தைவிட ஆழமாகத் தண்ணீர் நிரப்பிக் கட்டியை மேலே மிதக்க விட வேண்டும். அது தானாகவே அமிழும். நல்ல கட்டியானால் ஒன்று, ஒன்றரை நிமிடம் போதும். மேல் முகம் கரும்பச்சையாகி நீர்மட்டத்துக்கு இறங்கியதும் எடுத்துவிடலாம். அவசரப்பட்டுக் கையால் அமுக்கினாலோ மேலே குழாயைத் திறந்துவிட்டாலோ வெளிப்பக்கம் மட்டும் நனையும், நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தக் காற்றுப் பையில் போய் முட்டிய ரோஜா மட்டும் மூன்று மணி நேரத்தில் கழுத்தை மடிக்கும். பக்கத்து ரோஜா நிமிர்ந்தே இருக்க, பழி பூ மேல் விழும். பூவில் குறையே இல்லை, நனைத்த கையில்தான் குறை. தொட்டித் தண்ணீரில் பூவுக்கான பொடியை முன்பே கரைத்துவிடுங்கள். கட்டி குடிப்பது ஒரே ஒரு முறைதான்.

தண்டை 45 பாகைச் சாய்வில் வெட்டி, 3 முதல் 4 செ.மீ. ஆழத்துக்கு ஒரே அழுத்தில் செருக வேண்டும். கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விட்டதே என்று பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டின் நுனிக்கும் ஃபோமுக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து நீர் ஏறுவது அறுந்துவிடும். தவறாகக் குத்தினால் முழுக்க எடுத்து, நுனியைப் புதிதாக வெட்டி, வேறு இடத்தில் குத்துவதே சரி. ஒரு கட்டியில் 15 முதல் 20 ரோஜாத் தண்டு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் துளையும் துளையும் சேர்ந்து கட்டி பிளக்கும். யூகலிப்டஸ் போன்ற தடித்த கிளைகளை முதலில் குத்திவிட்டு, மெல்லிய தண்டுகளைக் கடைசியாக வைத்தால் கட்டி சிதையாது.

எல்லாப் பூவும் ஃபோமுக்கு ஒத்துவராது. டூலிப், டாஃபோடில் போன்ற சதைப்பற்றுள்ள தண்டுகள் உள்ளே போகும்போதே நசுங்கும். ஹைட்ரேஞ்சியா குடிக்கும் வேகத்துக்கு ஃபோம் நீர் தராது. தவிர்க்க முடியாத இடத்தில் அதன் தலையை முழுதாக 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, உதறி எடுத்து, தண்ணீர்க் குப்பியோடு சேர்த்துச் செருகுங்கள். அதன் இதழ்கள் வழியாகவும் நீர் ஏறும். ரோஜா, கார்னேஷன், சாமந்தி, ஆர்க்கிட் எல்லாம் ஃபோமில் நன்றாகவே நிற்கும்.

ஒரு முறை காய்ந்த ஃபோம் மறுபடி ஒழுங்காக நனையாது. ஆகவே நேற்றைய விழாவில் மிஞ்சிய அரைக் கட்டியை இன்றைக்கு எடுத்து வைக்காதீர்கள். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது பூவைக் கொல்லும்.

இனிக் குறைகள். உலர்ந்த ஃபோமை அறுக்கும்போது பறக்கும் தூள் கண்ணையும் மூச்சையும் உறுத்தும். நனைத்த பிறகே அறுக்க வேண்டும், கையுறையும் வேண்டும். தொட்டியில் மிஞ்சும் பச்சைத் தண்ணீர் முழுக்க நுண்பிளாஸ்டிக். ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் துகள்களை நீர்வாழ் உயிரினங்கள் விழுங்குவதையும், ஃபோமிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் அவற்றுக்கு நஞ்சாவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் ஃபோமுக்குத் தடை போட்டது. கடலை ஒட்டிய ரிசார்ட்டில் அந்தத் தண்ணீரைப் புல்லில் ஊற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெருக்கமான பழைய துணியில் வடிகட்டி, துணியோடு குப்பையில் சேர்ப்பதுதான் இருக்கும் வழிகளில் குறைந்த கெடுதல். மக்கும் ஃபோம் என்று அட்டையில் போட்டு விற்பதை வாங்கும்போது, எந்தச் சூழலில், எத்தனை நாளில் மக்கும் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அது இல்லாமல் வெறும் ஒரு சொல் மட்டும் இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபோமுக்கு இரண்டு இடத்தில் எங்கள் ஓட்டு உண்டு. ஒன்று, மேடையில் பேச்சாளர் மேசைக்கு முன்னால் வைக்கும் நீள அலங்காரம். மைக் கம்பியும் விளக்கு ஒயரும் ஓடும் இடத்தில் திறந்த தண்ணீர் வைப்பது ஆபத்து. விளிம்புள்ள தட்டில் ஃபோம் வைத்தால் யார் காலோ கையோ பட்டாலும் சிந்தாது. இரண்டாவது, நிற்கும் வளைவில் பூ மண்டும் அந்த ஒன்றிரண்டு இடங்கள். அங்கேயும் கட்டியை வெறுமனே கட்டாமல் பிளாஸ்டிக் கூண்டில் போட்டு, கூண்டைத்தான் சட்டத்தோடு கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும். நனைத்த உடனே மாட்டாதீர்கள். கம்பித் தட்டில் அரை மணி நேரம் வடியவிட்டால் விருந்தினர் தலையில் பச்சைச் சொட்டு விழாது.

வளைவும் காற்றும்

ரிசார்ட் விழாக்களில் பூ வாடிக் கெடுவதைவிட, வளைவு சாய்ந்து கெடுவது பெரிய சங்கடம். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை, கணக்குப் போட்டுவிடலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 36 கி.மீ. காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 60 நியூட்டன், அதாவது 6 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது 24 கிலோ. வளைவின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு இடைவெளியில்லாமல் பூ அடைத்திருக்கிறது, அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடித்தட்டு பின்பக்கம் 30 செ.மீ. தான் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36 கி.மீ. காற்றில் அது விழாமல் நிற்க அடியில் குறைந்தது 40 கிலோ எடை வேண்டும். வீசி அடிக்கும் காற்றையும் சேர்த்தால் அதற்கும் மேலே. இரண்டு காலுக்கும் ஆளுக்கொரு 10 கிலோ மணல் பை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அடித்தட்டை அகலமாக்குவதுதான் மலிவான வழி. பின்பக்க நீட்டம் 60 செ.மீ. ஆனால் தேவையான எடை பாதியாகிவிடும். பூவை ஒரே பலகையாக அடைக்காமல் காற்றுப் புக இடைவெளி விட்டுக் கொத்துக் கொத்தாக வைத்தால் சுமை இன்னும் இறங்கும். பார்க்கவும் அதுவே அழகு. புல்தரையானால் ஒரு அடிக்குக் குறையாத முளைகளைச் சாய்வாக அடித்துக் கட்டலாம், ஆனால் நீர்தெளிப்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று நிர்வாகத்திடம் கேட்ட பிறகே அடிக்க வேண்டும்.

உப்புக்காற்றில் வெள்ளை இதழ்களின் விளிம்பு பழுப்பாகும். கடலைப் பார்த்த முகத்துக்கு இலையும் உறுதியான பூவும், உள்முகத்துக்கு மென்மையான பூவும் என்று பிரித்து வைப்பது நல்ல வழக்கம். நீச்சல் குளத்தில் பூ மிதக்கவிடக் கேட்பார்கள். குளோரின் இதழை வெளுக்கும், உதிர்ந்த இதழ் வடிகட்டியை அடைக்கும். அகலத் தட்டுகளில் பூவை வைத்துத் தட்டுகளை மிதக்கவிட்டால் இரண்டு சிக்கலும் இல்லை. குளத்துக்குள் மட்டும் ஃபோம் எந்த வடிவிலும் போகக் கூடாது.

கோழி வலை

எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். 5 செ.மீ. கண்ணுள்ள, பச்சைப் பிளாஸ்டிக் பூசிய வலையைக் கேளுங்கள். வெறும் துத்தநாகப் பூச்சு வலை நாளடைவில் துருப்பிடிக்கும், ஜாடியையும் கீறும். சிறிய கண்ணுள்ள வலையை மடித்தால் தண்டு நுழையவே இடம் இருக்காது.

வாய் 15 செ.மீ. அகலமுள்ள கிண்ணத்துக்கு 30க்கு 40 செ.மீ. துண்டு வெட்டினால் சரியாக இருக்கும். வெட்டிய முனைகளை உள்பக்கம் மடக்கி, தளர்வாகப் பந்துபோலச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் அமர்த்த வேண்டும். எந்தத் தண்டும் குறைந்தது இரண்டு கண்களைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதே கணக்கு. ஒரு கண் மட்டும் பிடித்தால் தண்டு சுழன்று பூ பின்பக்கம் திரும்பிவிடும். இறுக்கிச் சுருட்டினால் தண்டுக்கு வழியிருக்காது. கிண்ணத்தின் வாயில் பூக்காரர்கள் பயன்படுத்தும் 6 மி.மீ. அகல ஆங்கர் டேப் என்னும் ஒட்டுப் பட்டையைப் பெருக்கல் குறிபோல ஒட்டி, முனைகளை விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. இறக்கிவிடுங்கள். விளிம்பு துளி ஈரமும் இல்லாமல் இருக்கும்போதே ஒட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு ஒட்டிய டேப் வாகனத்திலேயே பிரிந்துவிடும்.

கண்ணாடி ஜாடியில் வலை வெளியே தெரியும். அங்கே வலையை விட்டுவிட்டு, தெளிவான டேப்பால் வாயின் குறுக்கும் நெடுக்குமாக 2 அல்லது 3 செ.மீ. கட்டங்கள் போட்டால் அதே வேலை நடக்கும்.

இதன் பெரிய பலம், பூ நேராகத் தண்ணீரில் நிற்பது. ஹைட்ரேஞ்சியா, டேலியா, டூலிப் எல்லாம் இங்கே பயமில்லாமல் வைக்கலாம். தவறாக வைத்த தண்டை எத்தனை முறை எடுத்து வைத்தாலும் கேடில்லை, புதிதாக வருகிறவர்களைக் கொண்டு வேலை வாங்கும்போது இது மிகப் பெரிய ஆறுதல். தண்ணீர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும், ஊற்றிவிடலாம். விழா முடிந்ததும் வலையைக் கழுவிக் காயவைத்து அடுத்த விழாவுக்கு எடுத்து வைக்கலாம்.

குறை, தண்ணீர் சிந்துவது. ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு நீரோடு ஏற்றிச் சென்று, மேசையில் வைத்த பிறகு நீண்ட மூக்குள்ள குவளையால் நிரப்ப வேண்டும். 40 மேசை, ஜாடிக்கு 1 லிட்டர் என்றால் மண்டபத்துக்குள் 40 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகும் ஏற்பாடு தேவை. தண்ணீர் பிடிக்கும் குழாய் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

முள் தட்டும் தண்ணீர்க் குப்பியும்

கென்சான் என்பது ஈயத் தட்டில் பித்தளை முட்களை நட்ட ஜப்பானியப் பொருள். 7 அல்லது 8 செ.மீ. விட்டத் தட்டு ஒன்று ஆழமில்லாத கிண்ணத்தில் சில தண்டுகளை மிக அழகாக நிறுத்தும். ரிசார்ட் வரவேற்பு மேசைக்குப் பொருத்தம். விருந்து மேசைகளுக்கு வேண்டாம். விலை அதிகம், மேசைப் பூவை விருந்தினர் எடுத்துப் போகும்போது தட்டும் கூடவே போய்விடும். அடியில் ஈயம் இருப்பதால், பிறகு உணவு பரிமாறப் போகும் கிண்ணத்தில் இதை வைக்கக் கூடாது.

தண்ணீர்க் குப்பி நாற்காலி முதுகு, சிறு மலர்க்கொத்து, வளைவின் எட்டாத மூலை போன்ற இடங்களுக்கு. குளிரூட்டிய அறையில் ஒரு ரோஜாவை மாலை முழுவதும் காப்பாற்றும், வெயிலில் அந்த நம்பிக்கை வேண்டாம். ரப்பர் மூடியில் தடித்த தண்டைத் திணித்தால் மூடி கிழிந்து ஒழுகும். அவ்வளவுதான் இதைப் பற்றிச் சொல்ல.

அறக்கொடை விருந்தின் மேசை

மேசை நடுப் பூவின் உயரம் 30, 35 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையேல் 60 செ.மீ.க்கு மேலே மெல்லிய தண்டில் நிற்க வேண்டும். இடைப்பட்ட உயரம் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும். நன்கொடை கேட்கும் விருந்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பேச முடியாமல் செய்வது அந்த மாலையின் நோக்கத்தையே கெடுக்கும். அகலம் மேசையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தட்டும் குவளையும் பூவை இடிக்கும். மூக்கைத் துளைக்கும் வாசனைப் பூவை உணவு மேசையில் வைக்காதீர்கள். லில்லி வைத்தே ஆக வேண்டுமானால் மொட்டு விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். துணியில் மகரந்தம் பட்டுவிட்டால் தண்ணீர் தொடக் கூடாது, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். அரளி, லில்லி ஆஃப் தி வேலி போன்ற நச்சுச் செடிகளுக்கு உணவு மேசையில் இடமே இல்லை.

ஒரு தாழ்ந்த கிண்ணத்துக்கு 12 ரோஜா, 5 தண்டு ஸ்ப்ரே ரோஜா (ஒரே தண்டில் பல சிறு பூக்கள் உள்ளது) அல்லது கார்னேஷன், 6 தண்டு இலை என்றால் நிறைவாக இருக்கும். 40 மேசைக்கு 480 ரோஜா. உடைவதற்கும் வாடுவதற்கும் நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 528. 25 பூக் கட்டாக வாங்கினால் 22 கட்டு. பழகிய கைக்கு வலை வைத்த கிண்ணம் ஒன்றுக்கு 15 நிமிடம் ஆகும் என்று திட்டமிடலாம், மொத்தம் 10 மணி நேரம். ஃபோமில் நனைத்து, அறுத்து, கட்டி வெளியே தெரியாமல் இலையால் மூடி முடிக்க 25 நிமிடம் வைத்தால் கிட்டத்தட்ட 17 மணி நேரம். மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் இந்த வித்தியாசம், விழா நாள் காலையை மீட்டுத் தரும்.

பூ வந்ததும் தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவி, அடியில் 2, 3 செ.மீ. சாய்த்து வெட்டி, கழுவிய வாளியில் ஓர் இரவு நிற்க வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் மேலே சொன்ன எந்தப் பொருளும் காப்பாற்றாது. ரோஜாவுக்கு 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிர் நல்லது. அதே அறையில் ஆந்தூரியம், ஹெலிகோனியா போன்ற வெப்பமண்டலப் பூக்களை வைத்தால் கறுத்துவிடும், அவற்றுக்கு 13 பாகைக்குக் குறையக் கூடாது. ரிசார்ட் சமையலறையின் குளிர் அறையில் இடம் தருவதாகச் சொல்வார்கள். அங்கே பழுத்த பழம் இருந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்கள் உள்பக்கம் சுருண்டு வாடிவிடும், ஆர்க்கிட் பூ உதிரும்.

விருந்து முடிந்ததும் மேசைப் பூவை ஏலம் விடுவார்கள், அல்லது முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள். ஜாடியும் வலையும் உண்மையில் வெல்வது இங்கேதான். ஃபோமில் வைத்த பூவைப் பெறுகிறவருக்கு எப்போது, எங்கே தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாது. இரண்டாம் நாள் கட்டி காய்ந்து பூவும் முடிந்துவிடும். ஜாடியானால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். எடுத்துச் செல்ல, அட்டைப் பெட்டியின் மேல்பலகையில் ஜாடியின் வயிற்றளவுக்கு வட்டம் வெட்டி இறக்கினால் சாயாது. அதற்கு முன் தண்ணீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். மருத்துவமனைக்கு அனுப்புவதானால் முன்கூட்டியே கேளுங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பொதுவாகப் பூவை அனுமதிப்பதில்லை. ஜாடிகள் வாடகைக்கு எடுத்தவையா, கொடுத்துவிடலாமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, போன எண்ணிக்கையையும் திரும்பிய எண்ணிக்கையையும் ஒரே தாளில் குறித்து, மண்டபப் பொறுப்பாளரிடம் அன்றிரவே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.